அடிக்கடி அணைந்துபோகும் கம்ப்யூட்டர்: ஃபார்மேட்டா, எஸ்எம்பிஎஸ்ஸா, புது மெஷினா?

வீட்டு கம்ப்யூட்டர் அடிக்கடி பாதியில் நின்றுபோகிறது என்று மதுரையில் யாரிடம் சொன்னாலும் முதலில் வருகிற பதில் “ஃபார்மேட் பண்ணிருங்க” என்பதுதான், அதாவது டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. அடுத்தது “ராம் மாத்திப் பாருங்க”. மெஷின் கொஞ்சம் பழசு என்று தெரிந்தால் “எதுக்கு இதோட மல்லுக்கட்டுறீங்க, புதுசு எடுத்துருங்க”. மூன்றுமே சில நேரம் சரியான பதில்தான். ஆனால் எந்தக் கோளாறுக்கு எது என்று பார்க்காமல் இறங்கினால் காசும் போகும், டேட்டாவும் போகும், கிராஷ் மட்டும் அப்படியே இருக்கும். பிள்ளையின் காலேஜ் ப்ராஜெக்ட், கடைக் கணக்கு, வேலைக்கு விண்ணப்பம் என்று எல்லாவற்றையும் ஒரே மெஷினில் ஓட்டுகிற வீடுகள் நம் பக்கம் நிறைய. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதுவும் சொல்லாமல் பட்டென்று அணைகிற மெஷினுக்கு ஃபார்மேட் கடைசி வழி. சுவரில் இருக்கிற பிளக்கில் தொடங்கி உள்ளே வாருங்கள்: எர்த், யுபிஎஸ், எஸ்எம்பிஎஸ் (சிபியு பெட்டிக்குள் கரண்டை மாற்றித் தருகிற பவர் சப்ளை), சூடு, ராம், டிஸ்க், அதற்கப்புறம்தான் விண்டோஸ். நீலத் திரை காட்டி, ஒவ்வொரு முறையும் ஒரே பிழையைச் சொல்லிவிட்டு நிற்கிற மெஷினுக்கு வேறு வரிசை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆகவே பணம் செலவழிப்பதற்கு முன் ஒரு வாரம் அது எப்படி நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள். சுவிட்சை அமர்த்திய மாதிரி மொத்தமும் அணைகிறதா, தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா, திரை அப்படியே உறைந்து மவுஸ் நகராமல் நிற்கிறதா, நீலத் திரை வருகிறதா? (விண்டோஸ் 11-ன் புதிய பதிப்புகளில் அந்தத் திரை கறுப்பாக மாறிவிட்டது, குழம்ப வேண்டாம்.) ரீஸ்டார்ட் ஆகிற மெஷின்களில் பெரும்பாலும் பிழைத் திரை ஒரு நொடி வந்து மறைந்துவிடும், நாம் பார்த்திருக்கவே மாட்டோம். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பக்கத்துக்குப் போய், ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரியில் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்பதன் டிக்கை எடுத்துவிட்டால் அடுத்த முறை திரை நின்று பேசும். ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தபோது, வீட்டில் அந்த நேரம் வேறு என்ன ஓடியது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். இந்தத் தாள் இருந்தால் கடைக்காரர் உங்களிடம் பேசுகிற விதமே மாறிவிடும்.

விண்டோஸ் தன் பிழைகளை எழுதி வைக்கிற ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்க்கிற பழக்கம் உள்ளவர்கள் ‘கெர்னல் பவர் 41’ என்ற சிவப்பு வரியைப் பார்த்துவிட்டு, அந்த எண்ணை வைத்துத் தேடி, யாரோ சொன்ன டிரைவரையெல்லாம் (ஒவ்வொரு பார்ட்டையும் விண்டோஸோடு பேசவைக்கிற மென்பொருள்) மாற்றிக்கொண்டிருப்பார்கள். அந்த வரி காரணத்தைச் சொல்லவில்லை. முறையாக ஷட்டவுன் ஆகாமல் மெஷின் நின்றுவிட்டது என்பதை மறுபடி பூட் ஆனபின் விண்டோஸ் எழுதி வைக்கிறது, அவ்வளவுதான். அதைத் திறந்து உள்ளே ‘பக்செக் கோட்’ என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே பூஜ்யம் இருந்தால் விண்டோஸுக்குப் பிழையைப் பதிவு செய்யக்கூட நேரம் கிடைக்கவில்லை: கரண்ட் துண்டிக்கப்பட்டிருக்கிறது, இல்லையென்றால் ஹார்டுவேர் உறைந்துபோயிருக்கிறது. வேறு எண் இருந்தால் அது நீலத் திரைக் குடும்பம், சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரில் அதற்கான கோப்பும் பெரும்பாலும் கிடைக்கும்.

இப்போது ஃபார்மேட்டை எடுத்துக்கொள்வோம். இதன் பெரிய கவர்ச்சி செலவு குறைவு, அரை நாளில் முடிந்துவிடும், செய்து முடித்ததும் மெஷின் வேகமாக இருக்கிற மாதிரித் தெரியும். அப்டேட் போட்ட மறுநாளிலிருந்து தொடங்கிய கிராஷ், எதையோ இன்ஸ்டால் செய்தபின் வந்த கிராஷ், வைரஸ் புகுந்த மெஷின், இவற்றுக்கெல்லாம் ஃபார்மேட் உண்மையிலேயே வேலை செய்யும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய ஒரே ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன, ஹார்டுவேரில் எந்தக் குறையும் இல்லாமல். ஆகவே மென்பொருளால் வராது என்று நான் சொல்ல வரவில்லை. சிக்கல் எங்கே என்றால், ஃபார்மேட் செய்ததும் சில வாரங்கள் நன்றாக ஓடிவிட்டு மறுபடி விழுகிற மெஷின்கள்தான் அதிகம். அதற்குக் காரணம் உண்டு. தேய்ந்துபோன ஹார்டு டிஸ்க்கில் கெட்ட பகுதியின் மேல் இருந்த விண்டோஸ் கோப்புகள் புதிதாக எழுதும்போது நல்ல பகுதிக்குப் போய்விடும், கொஞ்ச நாளில் அடுத்த பகுதி கெடும். எஸ்எம்பிஎஸ் பலவீனமான மெஷினில் ஃபார்மேட்டுக்குப் பின் பாரமான மென்பொருள் எதுவும் இருக்காது, அதனால் தாக்குப்பிடிக்கும், பழைய வேலைகளை ஒவ்வொன்றாக ஏற்றியதும் படுத்துவிடும். “ஃபார்மேட் பண்ணேன், சரியாத்தான் இருந்துச்சு, திரும்ப வந்துருச்சு” என்று ஒருவர் சொன்னால் அது கிட்டத்தட்ட எப்போதும் ஹார்டுவேர்தான்.

ஃபார்மேட் தேவையா என்று கண்டுபிடிக்கச் செலவே இல்லாத சோதனை ஒன்று இருக்கிறது, ஏன் அதை யாரும் செய்வதில்லை என்று எனக்கு வருத்தமே உண்டு. ஒரு பென் டிரைவில் விண்டோஸுக்கு மாற்றான உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் ‘ட்ரை’ கொடுத்து பென் டிரைவிலிருந்தே பூட் செய்து, ஒரு மாலை முழுக்க அதில் வீடியோ ஓட விடுங்கள். அங்கேயும் அணைந்தால் விண்டோஸ் மேல் குற்றமில்லை, ஃபார்மேட்டை மறந்துவிடலாம். அங்கே மணிக்கணக்கில் அசையாமல் ஓடினால் விண்டோஸ், டிரைவர், இல்லையென்றால் டிஸ்க் என்று வட்டம் சுருங்கிவிடும்.

ஃபார்மேட் செய்துதான் ஆகவேண்டும் என்றால் இரண்டு விஷயம். ஒன்று, டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் காப்பி எடுப்பவர்கள் டேலி டேட்டாவையும், பாமினி மாதிரி பழைய தமிழ் ஃபான்ட்டுகளையும் மறந்துவிடுவார்கள். அப்புறம் பத்து வருஷத்துப் பத்திர நகல்களும் சங்கக் கடிதங்களும் புரியாத எழுத்தாகத் திறக்கும். இரண்டு, ஒரிஜினல் விண்டோஸ் 10 அல்லது 11 ஓடிய மெஷின் என்றால் அதன் டிஜிட்டல் லைசன்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது, அதே பதிப்பை மறுபடி ஏற்றினால் நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். கிராக் (லைசன்ஸ் இல்லாத திருட்டு விண்டோஸ்) போட்டுத் தருகிறேன் என்று சொல்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சரி, கரண்டுக்கு வருவோம். எங்கள் சித்தப்பா வீடு செல்லூரில். சாயங்காலம் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தது, ராம் மாற்றியாயிற்று, ஃபார்மேட்டும் ஆயிற்று. நேரத்தைக் குறித்து வைத்ததில்தான் பிடிபட்டது: கீழ்வீட்டில் தண்ணீர் மோட்டார் போடுகிற நேரம். மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற கரண்டில் வோல்டேஜ் ஒரு நொடி சரியும், யுபிஎஸ் உடனே பேட்டரிக்கு மாறும், பேட்டரியோ எப்போதோ செத்துப்போயிருந்தது. அந்த யுபிஎஸ்ஸே இல்லாமல் நேராக பிளக்கில் போட்டிருந்தால் அந்தச் சரிவைப் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்ஸே தாங்கியிருக்கும். செத்த பேட்டரியோடு இருக்கிற யுபிஎஸ் யுபிஎஸ் இல்லாததைவிட மோசம் என்பதை நிறையப் பேர் நம்புவதில்லை. சோதிப்பது சுலபம்: மெஷின் ஓடும்போது, முக்கியமான எதையும் திறந்து வைக்காமல், யுபிஎஸ்ஸுக்கு வருகிற சுவர் சுவிட்சை அமர்த்துங்கள். உடனே செத்தால் பேட்டரி போச்சு. வீட்டு யுபிஎஸ்ஸில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி, இரண்டு மூன்று வருஷம்தான் உழைக்கும், நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம் போகும். ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே முடிகிற வேலை. 600 விஏ என்று போட்ட யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், லேசர் பிரிண்டரை அதில் சொருகவே கூடாது.

யுபிஎஸ் இல்லாமல் வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓட்டுகிறவர்கள் இன்வெர்ட்டரில் ‘யுபிஎஸ் மோட்’ என்ற சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் போன பிறகு முழு லோடில் சுமார் 16 மில்லி வினாடி தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதுதான் எஸ்எம்பிஎஸ்ஸுக்கான ஏடிஎக்ஸ் வரையறை, மலிவான எஸ்எம்பிஎஸ் அதையும் தாங்காது. இன்வெர்ட்டர் நார்மல் மோடில் இருந்தால் மாறுவதற்கு இதைவிட அதிக நேரம் எடுக்கும், ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது தெரியாது, கம்ப்யூட்டர் மட்டும் விழும்.

எர்த் இல்லாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. சிபியு பெட்டியின் இரும்பைத் தொட்டால் சுருக்கென்று ஒரு கூச்சம் தெரிந்தால் எர்த் வரவில்லை என்று அர்த்தம். மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் ஜங்ஷன் பாக்ஸில் சொருகியிருப்பதும் இதே கதைதான். இதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், நீங்களாகக் கை வைக்காதீர்கள். இதைச் சரிசெய்யாமல் எந்தப் பார்ட் மாற்றினாலும் அதுவும் அடிவாங்கும்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். கேபினெட்டோடு சேர்ந்து வருகிற ‘450 வாட்’ பெட்டியில் அந்த 450 உண்மையாக இருப்பது அபூர்வம். உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர் சூட்டில் வருஷக்கணக்காக வெந்து பலவீனமாகியிருக்கும். சும்மா இருக்கும்போது ஓடும், கேமோ வீடியோ எடிட்டிங்கோ தொடங்கியதும் பட்டென்று அணையும். பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கம்பியால் இணைத்து ஃபேன் சுற்றுகிறது, ஆகவே நல்லது என்று சொல்கிற சோதனையை நம்ப வேண்டாம், லோடு இல்லாமல் எதுவும் சுற்றும். மெஷின் வேலை செய்துகொண்டிருக்கும்போது மல்டிமீட்டரில் மஞ்சள் வயர் 11.4 வோல்ட்டுக்கும் 12.6 வோல்ட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். அதைவிட நல்ல வழி, நண்பரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி ஒரு வாரம் மாட்டி ஓட்டுவது. அப்போதும் மெஷின் அணைந்தால் கோளாறு எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லை, அணையாமல் ஓடினால் கண்ணை மூடிக்கொண்டு புதுசு வாங்கலாம். 80 பிளஸ் என்ற மின்திறன் சான்று உள்ள நல்ல கம்பெனி 450 வாட் மூவாயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே ஆகும், ஐநூறு அறுநூறுக்குக் கிடைப்பதை வாங்கினால் இதே கட்டுரையை அடுத்த வருஷமும் படிக்க வேண்டியிருக்கும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம், உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும்.

சூடு. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறை, கத்திரி வெயில், மேசையின் மர அறைக்குள் அடைத்து வைத்த சிபியு: மதுரையில் மே மாதம் மட்டும் கிராஷ் ஆகிற மெஷின்கள் இப்படித்தான் உருவாகின்றன. ப்ராசஸர் சூடு அறைச் சூட்டின் மேல் ஏறி உட்காருவது. மார்கழியில் அறை 26 டிகிரி, ப்ராசஸர் 75 என்றால் சித்திரையில் அறை 38 ஆகும்போது அதே வேலைக்கு ப்ராசஸர் 87 பக்கம் நிற்கும். இன்டெல் மேசைக் கணினி ப்ராசஸர்கள் பெரும்பாலும் 100 டிகிரியை ஒட்டித் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேலே போனால்தான் அணையும். ஆகவே முதலில் இழுவை, அப்புறம் அணைவது என்றால் சூடு. இழுவையே இல்லாமல் அணைந்தால் மறுபடி எஸ்எம்பிஎஸ். எச்டபிள்யூமானிட்டர் என்ற இலவச மென்பொருளில் இதைப் பார்க்கலாம். இன்டெல் பெட்டியோடு வருகிற கூலரில் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று கழன்று கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்; அதை அழுத்திவிட்டு, பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிய தெர்மல் பேஸ்ட் வைத்தால் முடிந்தது. தூசியை மாடிக்குக் கொண்டுபோய் புளோயரால் ஊதுங்கள், ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு. இரண்டு மூன்று நூறு ரூபாயில் தீர்கிற இந்தக் கோளாறுக்காக மெஷினையே மாற்றியவர்கள் உண்டு.

நீலத் திரை வருகிறவர்களுக்கு வரிசை வேறு என்று சொன்னேன் இல்லையா. ஒவ்வொரு முறையும் ஒரே பெயர், அதோடு ஏதாவது டிரைவரின் கோப்புப் பெயர் என்றால் அந்த டிரைவரைப் பழைய பதிப்புக்கு மாற்றுங்கள், பெரும்பாலும் அங்கேயே முடியும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர், நடுநடுவே ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்றால் ராம். ‘கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்’ என்றால் டிஸ்க் அல்லது அதன் கேபிள். ‘வீடியோ டிடிஆர்’ என்று வந்தால் கிராஃபிக்ஸ். ‘அன்கரெக்டபிள் எரர்’ என்று முடிகிற டபிள்யூஎச்இஏ வந்தால் ப்ராசஸர், அதற்குப் போகிற மின்சாரம், ஓவர்க்ளாக் செய்திருந்தால் (ப்ராசஸரை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவது) அதுவும். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரக மேசைக் கணினி ப்ராசஸர்கள் சிலவற்றில் அதிக வோல்டேஜால் நிலையிழக்கிற குறை இருப்பதை இன்டெல்லே 2024-ல் ஒப்புக்கொண்டு, பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கிற அடிப்படை மென்பொருள்) வழியாகத் திருத்தம் கொடுத்து, வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டியது. அந்த ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் பயாஸ் அப்டேட் செய்யுங்கள், ஏற்கெனவே பழுதான ப்ராசஸரை அந்தத் திருத்தம் மீட்காது என்பதால் வாரண்டியைக் கேளுங்கள்.

ராமைப் பொறுத்தவரை வாங்குவதற்கு முன் கழற்றுங்கள். தங்க நிறக் கால்களைப் பென்சில் அழிக்கிற ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துடைத்து, மறுபடி அழுத்தி மாட்டுவது நம் ஊர்க் கடைகளில் எல்லாரும் செய்வது, பல நேரம் அதுவே போதும். அப்புறம் ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென் டிரைவிலிருந்து பூட் செய்து ராத்திரி முழுக்க ஓடட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராம் ஃபெயில். பயாஸில் எக்ஸ்எம்பி (ராமை வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுகிற அமைப்பு) போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு இன்னொரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 2025-ன் கடைசி மாதங்களிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறிக் கிடக்கிறது, ஏஐ டேட்டா சென்டர்கள் சிப்பையெல்லாம் வாங்கிக்கொள்வதால். “எதுக்கும் மாத்திப் பாப்போம்” என்று ராம் வாங்குகிற காலம் இது இல்லை. டிஸ்க்கின் நிலையைப் பார்க்க கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள், அது மஞ்சள் நிறம் காட்டினால் முதலில் காப்பி எடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். சிஆர்சி எரர் எண்ணிக்கை மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கிற சாட்டா கேபிளை மாற்றினாலே போதும்.

கடையில் கொடுப்பதா, நாமே பார்ப்பதா? உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் சிபியுவைத் தூக்கிக்கொண்டு டவுன்ஹால் ரோடு பக்கம் வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிற வாக்கியம் “இங்க நல்லாத்தானே ஓடுது” என்பது. வீட்டுக்குப் போனதும் மறுபடி அணையும், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கோபம் வரும். ஆனால் அதுவே பெரிய துப்பு. கடையில் ஏசி, வேறு லைன், நல்ல யுபிஎஸ். அங்கே இரண்டு நாள் ஓடி வீட்டில் மட்டும் விழுகிறது என்றால் கோளாறு உங்கள் வீட்டு கரண்டிலோ சூட்டிலோ இருக்கிறது, மெஷினைப் பிரிக்கவே வேண்டாம். ஆகவே கொடுக்கும்போது “பாத்துக் குடுங்கண்ணே” என்று விட்டுவிடாமல், உங்கள் தாளைக் கொடுத்து, இரண்டு நாள் லோடில் ஓட விடுங்கள், விழுந்தால் வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டி ஓட்டிப் பாருங்கள் என்று கேளுங்கள். இரவல் பார்ட் மாட்டிப் பார்க்கிற வசதி கடையில்தான் இருக்கிறது, நாம் சர்வீஸ் சார்ஜ் கொடுப்பது முக்கியமாக அதற்குத்தான். எந்தப் பார்ட்டை மாற்றியதும் கோளாறு தீர்ந்தது என்று கேளுங்கள், கழற்றிய பழைய பார்ட்டைத் திரும்ப வாங்குங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கிற தம்பிகளைக் கூப்பிடுவது கொஞ்சம் செலவு அதிகம், ஆனால் பட்டென்று அணைகிற வகைக்கு அதுதான் நல்லது, ஏனென்றால் அவர் உங்கள் பிளக்கிலேயே, உங்கள் அறையிலேயே பார்க்கிறார்.

புது மெஷின் எப்போது? மதர்போர்டில் கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தால், அல்லது எல்லாம் மாற்றியும் விழுந்தால், அது போர்டு. பழைய போர்டுக்கு செகண்ட் ஹேண்ட் தேடி அலைவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, வருவதும் அதே வயசு போர்டுதான். இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய மெஷின் என்றால் கணக்கு இன்னும் தெளிவு. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக அந்த மெஷின்களில் ஏறாது. அதில் எஸ்எம்பிஎஸ்வரை செலவழிப்பேன், ஏனென்றால் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை அடுத்த மெஷினிலும் மாட்டலாம். போர்டுக்கும் ராமுக்கும் செலவழிக்க மாட்டேன். பட்ஜெட் இடிக்கிறவர்கள் ஆபீஸ்களிலிருந்து கழித்துவிட்ட 8-ஆம் தலைமுறைக்கு மேற்பட்ட பிராண்டட் மெஷினை வாரண்டியோடு தருகிற கடையில் பார்க்கலாம், அவற்றின் எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் தரமாகவே இருக்கும், ஆனால் சிலவற்றில் அளவும் கனெக்டரும் தனி, வெளியில் கிடைப்பது மாட்டாது, கேட்டு வாங்குங்கள். லேப்டாப்புக்கு மாறினால் வோல்டேஜ் சரிவும் பவர் கட்டும் தொந்தரவு செய்யாது, அதன் பேட்டரியே யுபிஎஸ். ஆனால் ஒரு பார்ட் போனால் டெஸ்க்டாப் மாதிரி இரவல் வாங்கி மாட்டிப் பார்க்க முடியாது. ஒரே இடத்தில் வைத்து வேலை செய்கிற வீட்டுக்கு நான் இன்னும் டெஸ்க்டாப்பைத்தான் சொல்வேன்.

பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போது ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள், அதற்குக் கடைக்காரர் குறைக்கிற தொகை சொற்பம். பத்து இருபது வருஷத்துக் குடும்பப் படங்களும் ஆதார், பான் ஸ்கேன்களும் அதில் இருக்கும். ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டால் புது மெஷினில் அப்படியே திறக்கும்.